அசுரன் மூக்குக்கண்ணாடி துடைத்த வருஷம்

கல்கத்தாவில் ஒருவரை ஒருவர் "டீ சாப்பிடறீங்களா?" என்று கேட்கப் பயந்த காலம் ஒன்று இருந்தது. நம்ப மாட்டீர்கள். கல்யாணமோ கருமாதியோ, டீ இல்லாமல் ஒரு காரியமும் நகராத ஊர் அது. அந்த ஊரில், தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் குளிர்காலத்தில், விருந்தாளியிடம் டீ என்ற பேச்சை எடுத்தால் அவர் முகம் வெளுத்துப் போகும். மண்கோப்பையைக் கையில் வாங்கியவர்கள் வாசலைப் பார்த்தபடியே குடித்தார்கள்.

எல்லாம் வைத்தீஸ்வரன் செய்த வேலை.

அவருக்குத் துறைமுக ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். பூர்வீகம் நாகப்பட்டினம். கதவுப் பலகை மாதிரி தோள், வாயின் இரண்டு பக்கமும் வழிந்து இறங்கும் மீசை. ஆளைப் பார்த்தால்தான் அப்படி. எறும்பு வரிசை குறுக்கே போனால் நின்று வழிவிட்டுப் போகிற மனுஷர். பெங்காலி மட்டும் அவருக்குக் கடைசிவரை வசப்படவில்லை. ஒரு வாக்கியத்தை உள்ளே தமிழில் கட்டி, அதைப் பிரித்து, மறுபடி கட்டித்தான் வெளியே விடுவார். அதற்குள் எதிரில் நிற்பவருக்கு வேர்த்துவிடும்.

டாலிகஞ்ச் மீன் சந்தையில் அவர் இப்படி நிதானமாக ஒரு மீனை விசாரித்துக்கொண்டிருந்ததைப் பொல்ட்டு தா பார்த்தார். 'தா' என்றால் அண்ணன். நவதாரா சித்திர மந்திர் என்ற சினிமாக் கம்பெனியின் டைரக்டர் அவர். மீன்காரன் நடுங்கிப் போய், கேட்காமலே பெரிய தலையாக எடுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, அங்கேயே வைத்தீஸ்வரனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

படத்தில் அவருக்குக் காலநாத் என்ற வில்லன் வேஷம். வசனம் மொத்தமே நான்கு வார்த்தை. "போஷுன். சா காபேன் தோ?" உட்காருங்கள், டீ சாப்பிடுவீர்கள்தானே என்று அர்த்தம். 'சா'வுக்கும் 'காபேன்'னுக்கும் நடுவில் அவருக்கு அடுத்த வார்த்தை மறந்துபோய்விட்டது. யோசித்தார். கேமரா ஓடிக்கொண்டே இருந்தது. அந்த இடைவெளியில்தான் வங்காளம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டது. கேட்டதும் உட்கார்ந்தவர் யாரும் படத்தில் எழுந்திருக்கவில்லை.

அடுத்த வருஷத்து துர்கா பூஜைக்கு, அவர் குடியிருந்த தெருவின் கிளப்காரர்கள் குமார்டுலிக்குப் போய், பொம்மை செய்யும் நிமாய் பாலிடம், அசுரனுக்குக் காலநாத் முகம் வைக்கச் சொன்னார்கள். நிமாய் பால் சினிமா பார்க்கிறவர் இல்லை. போஸ்டரைக் கொடுத்தால் போஸ்டரில் இருப்பதை மண்ணில் கொண்டுவருவார். கொண்டுவந்தார். அம்பாளின் சூலத்துக்குக் கீழே மீசையோடு வைத்தீஸ்வரன். அவருடைய ஆறு வயது மகள் தீப்தி, பள்ளிக்கூடத்துத் தோழிகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டு வந்து, கையை நீட்டிக் காட்டினாள்.

"அதுதான் எங்க அப்பா."

தோழிகள் ஓரடி பின்னால் போனார்கள். தீப்தி ஓரடி முன்னால் போனாள். அவளுடைய டிபன் பாக்ஸை அதற்குப் பிறகு வகுப்பில் யாரும் திறந்து பார்த்ததில்லை. வைத்தீஸ்வரன் உள்ளே பூத்துப் போனார்.

நவதாராவில் படத்தை டைரக்டர் எடுக்க மாட்டார். அதைக் கதை ஆலோசனை சபை எடுக்கும். டைரக்டர் கூட இருப்பார். சபைக்குத் தலைவர் ஷிபதோஷ் லாஹிரி. வழவழவென்று சிரைத்த முகம், மூக்கின் மேல் ஒரு மச்சம், நடுவகிடு, தங்க பிரேம் கண்ணாடி, மே மாதத்திலும் தோளில் ஒரு சால்வை. நடுவில் பொரித்தட்டு இருக்கும். தலைவர் முதல் பிடி அள்ளின பிறகுதான் மற்றவர்கள் கை நீட்டலாம். சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு விதி தொங்கும். 'தலைவர் சிரிப்பதற்கு முன் யாரும் சிரிக்கலாகாது. தலைவர் நிறுத்துவதற்கு முன் யாரும் நிறுத்தலாகாது.' நகைச்சுவையின் தரத்தைக் காப்பாற்றுவதற்காக அது.

இரண்டாம் பாகம் எடுக்கத் தீர்மானித்தபோது வைத்தீஸ்வரனையும் சபைக்கு அழைத்தார்கள். நாற்காலி போதவில்லை என்று அவரைத் தலைவருக்குப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள்.

"நான்கே வார்த்தை பேசி உட்கார்ந்துவிடுகிறேன்," என்று தொடங்கினார் லாஹிரி பாபு. சபையார் பொரித்தட்டைக் கிட்டே இழுத்து வைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குத் தெரியும்.

"முதல் பாகத்தில் ஜனங்கள் பயந்தார்கள். பயந்தவர்கள் மறுபடி மறுபடி வந்து பயந்தார்கள். இது ஆரோக்கியமா? பார்த்துப் பயப்பட வேண்டிய ஆளாக இந்தக் கம்பெனியில் ஏற்கெனவே நான் இருக்கிறேன். இரண்டு பேர் தேவையில்லை. சிலர் ஜனங்களை முட்டாள்கள் என்கிறார்கள். நான் அதை வன்மையாகக் கண்டிக்கிறேன். அவர்கள் நம்முடைய முட்டாள்கள். அன்பாக நடத்த வேண்டும். ஆகவே, இரண்டாம் பாகத்தில் காலநாத் விழ வேண்டும். எதில் விழுவது என்பதைச் சபை ஜனநாயக முறைப்படி விவாதிக்கட்டும். நான் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டேன்."

வைத்தீஸ்வரன் மெதுவாகத் தொண்டையைக் கனைத்தார். உள்ளே வாக்கியத்தைக் கட்டி முடித்து, "காலநாத் முதல் பாகத்திலேயே செத்துட்டானே, ஐயா," என்றார்.

"செத்தவன் திரும்பி வந்தால் பயமாக இருக்காதா?"

"இருக்குமே ஐயா."

"அதனால்தான் சிரிப்பாக வரவேண்டும்."

இப்படிச் சொல்லிவிட்டு லாஹிரி பாபு கண்ணாடியைக் கழற்றினார். திரும்பிக்கூடப் பார்க்காமல், பக்கத்தில் நின்ற வைத்தீஸ்வரனின் சட்டை நுனியை இழுத்து, வாயால் ஊதி, இரண்டு சில்லையும் துடைத்து மாட்டிக்கொண்டார். ஜன்னல் திரையைப் பிடித்துத் துடைத்தால்கூட அதற்கு ஒரு மரியாதை கொடுத்திருப்பார்.

சபையார் தட்டில் பொரி எண்ணுகிறவர்கள் மாதிரி குனிந்துகொண்டார்கள்.

"எனக்கு இது வேண்டாம், ஐயா. வேற ஆளப் பார்த்துக்குங்க," என்றார் வைத்தீஸ்வரன்.

"தாராளமாகப் போகலாம். மீசையை வைத்துவிட்டுப் போங்கள்."

ஒப்பந்தத்தில் அப்படித்தான் இருந்தது. காலநாத்தும் காலநாத்தின் மீசையும் நவதாராவின் சொத்து. கம்பெனி சொல்லாமல் சிரைக்கக்கூடாது. சிரைக்காமல் வேறு இடத்தில் நடிக்கவும் கூடாது. அவர் மாட்டேன் என்றால், அதே மீசையை இன்னொருவருக்கு ஒட்டி, போஸ்டரில் இவர் முகத்தையே போடுவார்கள். எப்படியும் விழப் போவது தன் முகம் என்று தெரிந்த பிறகு, தானே விழுவது மேல் என்று அவருக்குப் பட்டது.

எதில் விழுவது என்று ஆராய ஒரு சறுக்கல் உபகமிட்டி அமைத்தார்கள். அது குடும்பத்தோடு பூரிக்குப் போய்க் கடற்கரையில் தங்கி ஆராய்ந்தது. சாணம், மீன்தொட்டி, ரசகுல்லாப் பாகு என்று மூன்று கட்சி. ஒற்றுமை குலையக் கூடாது என்று மூன்றிலும் விழ வைத்தார்கள். பாகில் இரண்டு தடவை, தலைவருக்கு அது பிடித்திருந்ததால். டீ கேட்கும் காட்சி வந்தது. காலநாத் டீ கேட்பான். டீ அவன் மடியிலேயே கொட்டும். வாத்து மாதிரி கத்துவான். வைத்தீஸ்வரனுக்கு வாத்து வரவில்லை. டப்பிங்கில் வேறு ஒருவரை வைத்து அவருடைய குரல் முழுவதையுமே வாத்தாக மாற்றிவிட்டார்கள்.

படம் வந்த வாரம் அவர் மகளை அழைத்துவரப் பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். கேட்டுக்கு உள்ளேயிருந்து ஒரு பெண் "குவாக்" என்றாள். பிறகு கேட் முழுவதும் குவாக் குவாக். தீப்தி தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். ட்ராம் பாதை வரைக்கும் அவருக்கு நாலடி முன்னால் நடந்தாள்.

"அப்பா, நாளைலேந்து நீ கேட்டுக்கு வராத. அந்த புச்கா வண்டி இருக்குல்ல, அதுக்குப் பின்னாடி நில்லு. நானே வந்துடறேன்."

"ஏம்மா?"

"சும்மாதான்."

மூன்று வருஷம் அவர் அந்தப் பானிபூரி விற்கும் புச்கா வண்டிக்குப் பின்னால் நின்றார். கதவுப் பலகை மாதிரி தோளை ஒரு தள்ளுவண்டிக்குப் பின்னால் ஒளிப்பது எவ்வளவு கஷ்டம் என்று நினைத்துப் பாருங்கள். அதற்குள் தீப்தியின் டிபன் பாக்ஸில் யார் வேண்டுமானாலும் கை விட ஆரம்பித்திருந்தார்கள். அசுரனுக்கும் வேறு முகம் வந்துவிட்டது.

சட்டை விஷயத்தை அவர் வீட்டில் சொல்லவில்லை. ஆனால் சபை கூடும் நாளெல்லாம் வலது பக்க நுனி கசங்கி, எண்ணெய்ப் பிசுக்கோடு வந்தால் துவைக்கிறவளுக்குத் தெரியாதா? நாகலட்சுமி ஒருநாள் சட்டையை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது என்னங்க?"

சொன்னார்.

"நான் கல்லுல போட்டு அடிச்சுத் துவைக்கிறது அந்த ஆளு கண்ணாடி தொடைக்கவா?" என்றாள். "ஒரு நாள் ரெண்டு நாளில்ல, மூணு வருஷம்! நீங்களும் நின்னீங்க?"

"என்ன பண்ணச் சொல்ற?"

"என்னக் கேட்டா? வில்லன் நீங்களா நானா?"

சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். எதற்கு அப்படிச் செய்தார் என்று அவருக்கே தெரியாது; தோளில் கிடந்த துண்டைச் சால்வை மாதிரி ஏற்றிவிட்டுக்கொண்டு, "நான்கே வார்த்தை பேசி உட்கார்ந்துவிடுகிறேன்," என்றார் பெங்காலியில். லாஹிரி பாபுவின் குரல் அப்படியே வந்து விழுந்தது. மற்ற பெங்காலியெல்லாம் கட்டிக் கட்டிப் பேசினாரே, இந்த ஒரு ஆளின் பெங்காலி மட்டும் நின்று நின்று கேட்டதில் ரத்தத்தில் ஏறியிருந்தது. "அவர்கள் நம்முடைய முட்டாள்கள்," என்றார். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, சோறு பரிமாற வந்த நாகலட்சுமியின் முந்தானையை இழுத்துத் துடைத்தார்.

தீப்தி சிரித்தாள். மூன்று வருஷத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்து, விக்கல் வரும் வரைக்கும் சிரித்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, "இத படத்துல பண்ணேன்ப்பா," என்றாள்.

வைத்தீஸ்வரன் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். காலநாத் படத்தில் டீ கேட்பதற்கு முன்னால் ஒரு சின்னச் சிரிப்பு சிரிப்பான். அந்தச் சிரிப்பை நாகலட்சுமி அன்றைக்குத்தான் தன் வீட்டில் பார்த்தாள்.

மூன்றாம் பாகத்துக்கான சபை கூடியது. லாஹிரி பாபு சலித்துப் போய் உட்கார்ந்திருந்தார். விழுவதற்குப் புதிதாக ஒன்றும் அகப்படவில்லை. சறுக்கல் உபகமிட்டி இந்தத் தடவை டார்ஜிலிங் போய்த்தான் ஆராய வேண்டும் என்றது.

வைத்தீஸ்வரன், "ஒரு யோசனை, ஐயா," என்றார். "காலநாத்துக்கு ஒரு கிறுக்குத்தனம் வேணும். எனக்கு ஒரு ஆளத் தெரியும். செஞ்சு காட்டவா?"

பொல்ட்டு தாவின் சால்வையைக் கடன் வாங்கிப் போட்டுக்கொண்டார். நான்கே வார்த்தை என்று ஆரம்பித்துக் கால் மணி நேரம் பேசினார். நடுவில் "யார் அங்கே சிரித்தது?" என்று சீறினார். இல்லாத கண்ணாடியைக் கழற்றி, பொல்ட்டு தாவின் சட்டையில் துடைத்தார்.

சபையார் சிலையாகிப் போனார்கள். பொல்ட்டு தாவுக்குத் தொண்டைக்குள் பொரி நின்றுவிட்டது. எல்லாக் கண்ணும் சுவரில் தொங்கிய விதியின் மேல் இருந்தது.

லாஹிரி பாபு சிரித்தார். குலுங்கிக் குலுங்கி, மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். பிறகுதான் சபை சிரித்தது. அவர் நிறுத்துவதாக இல்லை. அதனால் அவர்களும் நிறுத்த முடியவில்லை. ஒருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்து அழுதுகொண்டே சிரித்தார்.

"எங்கே பிடித்தீர்கள் இந்தக் கழுதையை?"

"ஆபீஸ்லதான், ஐயா."

"துறைமுகத்தில் இப்படியும் ஒரு ஆளா! ஒருவரும் அவனிடம் சொல்லவில்லையா?"

"பயம், ஐயா."

"கோழைகள்!" என்றார் லாஹிரி பாபு, சபையைச் சுற்றிப் பார்த்து. "பயந்தவர்கள் நடுவில் இருப்பவனுக்குத் தன் முதுகு தெரியாது. நல்ல பாத்திரம். ஆனால் சால்வையை நீங்கள் போடுவது தப்பு. இப்படி நழுவ வேண்டும். பாருங்கள்." எழுந்து நின்று நழுவவிட்டுக் காட்டினார். "பேசும்போது விரலை இப்படி. ஆ, அப்படித்தான். அந்த மாதிரி மூடனுக்கு மீசை பொருந்தாது, எடுத்துவிடுங்கள். கம்பெனிக்கு இனி அது தேவையில்லை." பேசிக்கொண்டே கண்ணாடியைக் கழற்றி, வைத்தீஸ்வரனின் சட்டையில் துடைத்தார். அன்றைக்குச் சட்டை நுனியை அவரே கொஞ்சம் நீட்டிக் கொடுத்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

மேக்கப்காரருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அவராகவே நடுவகிடு எடுத்தார், தங்க பிரேம் மாட்டினார், கடைசியில் தூரிகையால் மூக்கின் மேல் ஒரு மச்சம் வைத்தார். அவர் சட்டையிலும் கண்ணாடி துடைக்கப்பட்டிருந்தது. லைட் பிடித்தவர்கள், தையல்காரர், டிரைவர் என்று எல்லார் சட்டைக்கும் ஒரு கணக்கு இருந்தது. போஸ்டரைச் சபைக்குக் கொண்டுவந்து வைத்தபோது, லாஹிரி பாபு எட்ட நின்று பார்த்து, "முகத்தில் அறிவில்லாத களை நன்றாக வந்திருக்கிறது," என்று கையெழுத்துப் போட்டார்.

படம் பூஜைக்கு ஒரு மாதம் முன்னால் வந்தது. ஊரே "நான்கே வார்த்தை" என்று பேச ஆரம்பித்தது. பஸ்ஸில் கண்டக்டர், வகுப்பில் வாத்தியார், யார் பேச வாயெடுத்தாலும் பின்னாலிருந்து ஒருவர் சால்வையை நழுவவிட்டார். டாலிகஞ்ச் ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். லாஹிரி பாபு தியேட்டருக்குப் போகிறவர் இல்லை. ஜனங்களோடு உட்கார அவருக்குக் கூச்சம். வெற்றி என்று மட்டும் கேள்விப்பட்டார். நாலாம் பாகத்துக்குக் கொடியேற்றினார்.

தெருக் கிளப்காரர்களுக்குத் தொண்ணூற்று நாலாம் வருஷத்துப் பெருமை மறக்கவில்லை. மறுபடியும் காலநாத் அசுரன் வேண்டும் என்று, மூன்றாம் பாகத்துப் போஸ்டரை நிமாய் பாலிடம் கொடுத்துவிட்டார்கள். திறந்துவைக்க நவதாராவின் சபைத் தலைவரையே கூப்பிட்டார்கள்.

சஷ்டி சாயங்காலம். பந்தலில் தெருவே கூடியிருந்தது. முன்வரிசையில் தீப்தியின் பள்ளிக்கூடம் பாதி. லாஹிரி பாபு சால்வையோடு மேடை ஏறினார். வைத்தீஸ்வரன் ஒரு மூலையில், பந்தல் மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றார். மீசை மறுபடி வளர்ந்திருந்தது. இப்போது அது அவருடைய சொந்த மீசை.

திரையை இழுத்தார்கள்.

அம்பாள் பத்துக் கையோடு நின்றாள். சிங்கம் பல்லைக் காட்டியது. சூலத்துக்குக் கீழே அசுரன். நடுவகிடு, தங்க பிரேம், மூக்கில் மச்சம், தோளிலிருந்து நழுவும் மண் சால்வை. நிமாய் பால் போஸ்டரில் ஒன்றையும் விடவில்லை. அசுரன் ஒரு கையால் கண்ணாடியின் ஒரு சில்லைப் பக்கத்தில் கிடந்த எருமையின் காதில் துடைத்துக்கொண்டிருந்தான்.

ஜனங்கள் அசுரனைப் பார்த்தார்கள். மேடையைப் பார்த்தார்கள். மறுபடி அசுரனைப் பார்த்தார்கள். லாஹிரி பாபு அம்பாளைக் கும்பிட்டுவிட்டு, ஜனங்கள் பக்கம் திரும்பி, மைக்கைப் பிடித்தார்.

"நான்கே வார்த்தை..."

"பேசி உட்கார்ந்துவிடுகிறேன்!" என்றது பள்ளிக்கூடம் முழுவதும்.

பந்தல் இடிந்து விழுவது போல ஒரு சிரிப்பு. லாஹிரி பாபுவின் முகம் சிவந்தது.

"யார் அங்கே சிரித்தது?"

அதுவும் படத்தில் இருந்தது. கிழவிகள்கூடச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டார்கள். விரலை ஆட்டினார், முந்நூறு விரல் திரும்ப ஆடியது. சால்வை நழுவியது, கைதட்டினார்கள். இத்தனை நாள் அவர் சிரிக்காமல் ஒருவரும் சிரித்ததில்லை. இன்றைக்கு அவர் ஒருவர்தான் சிரிக்கவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற கிளப் செயலாளரின் சட்டையைப் பிடித்தார். செயலாளர் ஐயோ என்று கத்திக்கொண்டு மேடையிலிருந்து குதித்தார். சட்டைக்காகத் திரும்பிய லாஹிரி பாபு, கண்ணாடி இல்லாத மங்கல் பார்வையில், தன்னைப் போலவே கண்ணாடியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவன் அம்பாளின் காலடியில் கிடப்பதைப் பார்த்தார். மாட்டிக்கொண்டு பார்த்தார். கிட்டே போய்ப் பார்த்தார். தடவிப் பார்த்தார், முதலில் அசுரனின் மூக்கை, பிறகு தன் மூக்கை.

சிரித்துச் சிரித்து ஜனங்களுக்கு இருமல் வந்தது. மேடைப் படியில் கனமாக ஒரு காலடி விழுந்தது.

வைத்தீஸ்வரன் ஏறிவந்தார். அவசரமில்லை. ஒரு நாற்காலியை எடுத்து லாஹிரி பாபுவின் பின்னால் போட்டார். முதல் படத்தில் செய்த மாதிரியே, முதுகுப் பலகையின் மேல் கையை வைத்தார். சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. வாத்துக் குரல் போய், சொந்தக் குரலில், மைக் இல்லாமல் சொன்னார்.

"போஷுன்."

லாஹிரி பாபு உட்கார்ந்தார்.

"சா..."

இந்தத் தடவை அவருக்கு வார்த்தை மறக்கவில்லை. வேண்டுமென்றே நிறுத்தினார். மூன்று வருஷம் புச்கா வண்டிக்குப் பின்னால் நின்றதெல்லாம் அந்த நிறுத்தத்தில் இருந்தது. பூஜை மேளம் அடிக்கும் டாக்கிகள் ஓங்கிய கையோடு அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். முன்வரிசையில் ஒரு குழந்தை அம்மாவின் மடிக்குள் புகுந்தது.

"...காபேன் தோ?"

நான்கே வார்த்தை. பேசி முடித்துவிட்டார். யாரோ நீட்டிய மண்கோப்பையை வாங்கி அவர் கையில் கொடுத்தார். லாஹிரி பாபு வாங்கிக்கொண்டார். வாங்கின கோப்பை சரிந்து, டீ வெள்ளை வேட்டியின் மேல் கொட்டியது. அவர் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. என்ன சத்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. அப்போதும் ஒருவரும் சிரிக்கவில்லை. வைத்தீஸ்வரன் சிரிக்கவில்லையே, அதனால்.

முன்வரிசையில் ஒரு தோழி தீப்தியின் தோளை மெதுவாகத் தொட்டாள். அசுரனைக் காட்டி, "அதுதானே உங்கப்பா?" என்று காதோடு கேட்டாள்.

"சீ, அது லாஹிரி பாபு," என்றாள் தீப்தி. "எங்கப்பா டீ குடுக்கிறாரே, அவரு."

தோழி ஓரடி பின்னால் போனாள்.